ஆயுத பூஜைப் பொரி வாங்கலாமா? பிற மதத்தாரிடம் ஒரு கிறிஸ்தவன் எப்படி நடந்துகொள்வது?

பீளமேடு சாமுவேல்:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். கோவையில் ஒரு லேத் பட்டறையில் சி.என்.சி. ஆபரேட்டராக வேலை பார்க்கிறேன். முதலாளி இந்து. எங்களில் ஒரு பாய் இருக்கிறார், கிறிஸ்தவன் நான் ஒருவன்தான், மற்ற எல்லோரும் இந்துக்கள். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எல்லோரும் சேர்ந்து மிஷின்களைத் துடைப்போம். வேஸ்ட் துணியில் மண்ணெண்ணெய் தொட்டு கூலன்ட் பிசுக்கை எடுத்து, இடுக்கில் சுருண்டு கிடக்கும் இரும்புச் சீவலைக் கொக்கியால் இழுத்துப் போட்டால் பழைய மிஷின்கூடப் பளிச்சென்று ஆகிவிடும். மறுநாள் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, சூடம். பூசணிக்காய் உடைத்ததும் முதலாளியே ஒவ்வொருவர் கையிலும் போனஸ் கவரையும் பொரி, அவல், பொட்டுக்கடலை, லட்டு போட்ட பொட்டலத்தையும் கொடுப்பார்.

இதுவரை சூடம் காட்டும்போது வாசல் பக்கம் ஒதுங்கி நிற்பேன். பொட்டலத்தை வாங்கிக்கொள்வேன். குங்குமம் வைத்துக்கொள் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. கிறிஸ்துமஸுக்கு நாங்கள் கொடுக்கும் கேக்கும் முறுக்கும் முதலாளி வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்குப் போகிறது.

இந்த வருஷம் எங்கள் சபைக்குப் புதிதாக ஒரு பாஸ்டர் வந்திருக்கிறார். அந்தப் பொரியை வாங்குகிறவன் பிசாசின் பந்தியில் கை நனைக்கிறான், அன்றைக்கு லீவு போட்டுவிட்டு உபவாசம் இருங்கள் என்று பிரசங்கத்தில் சொன்னார். வீட்டிலும் அதையே சொல்கிறார்கள். கர்த்தருக்கும் உண்மையாக இருக்க வேண்டும், கூட வேலை பார்க்கிறவர்களையும் அவமதிக்கக் கூடாது. இரண்டுக்கும் சேர்த்து வழி இருந்தால் சொல்லுங்கள்.

எபினேசர் சகோ:

பிரதர், பாஸ்டர் சொன்னது சரி. 1 கொரிந்தியர் 10:21 தெளிவாக இருக்கிறது. கர்த்தருடைய போஜனபந்திக்கும் பேய்களுடைய போஜனபந்திக்கும் ஒரே ஆள் பங்குள்ளவனாக இருக்க முடியாது. தானியேலும் அவன் நண்பர்களும் பாபிலோனில் ராஜா கொடுத்த சாப்பாட்டையே மறுத்தார்கள். மறுத்ததால் ராஜாவை அவமதித்தார்கள் என்று ஆகுமா? அவர்கள்தான் அந்த நாட்டுக்கே நல்ல அதிகாரிகளாக இருந்தார்கள்.

என் அப்பா குலதெய்வக் கோவிலில் பூசாரியாக இருந்தவர். பலியும் குறியும் அருளும் பார்த்து வளர்ந்தவன் நான். அதை விட்டு வெளியே வந்த குடும்பத்துக்குப் படையல் என்பது வெறும் தின்பண்டம் இல்லை. பரம்பரைக் கிறிஸ்தவர்களுக்கு இது புரியாமல் போகலாம். மறுப்பதை மரியாதையாக மறுக்கலாம். மறுக்கத்தான் வேண்டும்.

பாளை டீச்சர்:

சாமுவேல் தம்பி, இந்தக் கேள்விக்கு வயது கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருஷம். பவுல் இதற்காகவே கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தில் எட்டாம் அதிகாரத்தில் ஆரம்பித்துப் பத்தாம் அதிகாரம் முடியப் பேசுகிறார். எபினேசர் தம்பி அதில் ஒரு வசனத்தை எடுத்திருக்கிறார். அந்த மூன்று அதிகாரத்தையும் ஒரே மூச்சில் படித்தால்தான் பவுல் எங்கே கோடு போடுகிறார் என்று தெரியும்.

கொரிந்து எப்படிப்பட்ட ஊர் என்று முதலில் பாருங்கள். கோவில்களை ஒட்டியே சாப்பாட்டுக் கூடங்கள் இருந்தன. பலியிட்ட இறைச்சியில் ஒரு பகுதி அங்கே விருந்தாகும், மிச்சம் கடைக்கு விலைக்கு வரும். கறி வாங்கப் போகிற ஏழைக் கிறிஸ்தவனுக்கு எது படைத்தது, எது படைக்காதது என்று கேட்டுக் கேட்டு வாங்க முடியாது. பவுல் சொல்வது இதுதான்: கோவில் பந்தியில் போய் உட்காராதே. கடையில் விற்பதை மனச்சாட்சிக்காக விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு. விசுவாசியல்லாத ஒருவர் விருந்துக்குக் கூப்பிட்டு, போக உனக்கு மனதிருந்தால், முன்னால் வைப்பதைச் சாப்பிடு. 'இது படைத்தது' என்று யாராவது சொன்னால் மட்டும் விட்டுவிடு. அதுவும் சாப்பாட்டில் விஷம் இருக்கிறது என்பதற்காக இல்லை, சொன்னவருடைய மனச்சாட்சிக்காக. 10:29-ல் அதை அவரே விளக்குகிறார்.

அதனால் தம்பி, உங்கள் முதலாளி அந்தப் பொட்டலத்தைக் கொடுக்கும்போது என்ன நினைத்துக் கொடுக்கிறார் என்று பாருங்கள். சாமுவேலும் இன்றைக்கு நம் சாமியைக் கும்பிட்டுவிட்டான் என்று நினைக்கிறாரா? நீங்கள் வாசலில் ஒதுங்கி நிற்பது தெரிந்தே, பண்டிகை நாளில் நம் ஆள் வெறும் கையோடு போகக் கூடாது என்று கொடுக்கிறாரா? எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு இரண்டாவதாகத்தான் தெரிகிறது.

இன்னொன்று. 2 இராஜாக்கள் 5-ல் நாகமான் குணமான பிறகு எலிசாவிடம் வைக்கும் விண்ணப்பத்தைப் படித்துப் பாருங்கள். என் ராஜா ரிம்மோன் கோவிலுக்குப் போகும்போது என் கைமேல் சாய்ந்துகொள்வார், நானும் குனிய வேண்டியிருக்கும், இந்த ஒரு காரியத்தைக் கர்த்தர் மன்னிப்பாராக என்கிறான். வேலையை விட்டுவிடு என்று எலிசா சொல்லவில்லை. 'சமாதானத்தோடே போ' என்கிறார். வேலை பார்க்கும் இடத்தில் இந்தச் சங்கடத்தோடு நிற்கிற ஒவ்வொருவருக்கும் அந்த வசனம் ஆறுதல்.

எபினேசர் சகோ:

டீச்சர், மதிப்போடு சொல்கிறேன். நாகமான் மன்னிப்புக் கேட்டான். அதாவது அது தவறு என்று அவனுக்கே தெரிந்திருந்தது. அப்புறம், பூஜை முடிந்து சாமி முன்னால் இருந்து எடுத்துக் கொடுக்கும்போது 'இது படைத்தது' என்று யாரும் வாயால் சொல்லத் தேவையில்லை. பார்த்தாலே தெரிகிறது. 10:28-ன்படி அங்கேயே பதில் முடிந்துவிடுகிறது.

பாளை டீச்சர்:

அந்த இடம் கடினமானதுதான், ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் உங்கள் மனச்சாட்சியை மாற்றிக்கொள்ளுங்கள் என்று நான் உங்களிடம் சொல்லவில்லை. பூசாரி வீட்டிலிருந்து வந்தவருக்கு இந்தப் பொரி தடுக்கல் என்றால், அவர் முன்னால் அதைச் சாப்பிடாமல் இருப்பது என் கடமை. எட்டாம் அதிகாரம் முழுக்க அதுதான். ஆனால் உங்கள் மனச்சாட்சியைச் சாமுவேல்மேல் ஏற்றுவதற்குப் பவுல் இடம் கொடுக்கவில்லை. உங்கள் பாஸ்டர் லீவு போடச் சொன்னதில்தான் எனக்கு வருத்தம், சாமுவேல். அன்றைக்கு வராமல் போனால் கூட இருப்பவர்களுக்கு என்ன செய்தி போகிறது? நீங்கள் துடைத்து வைத்த மிஷினைக்கூட நான் தொட மாட்டேன் என்றுதானே?

பூண்டி அந்தோணி:

ஆர்.சி. பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. எங்களுக்கு இதில் ஒரு பெரிய திருப்பம் 1965 அக்டோபர் 28. இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களைப் பற்றிய அறிக்கையை அன்றைக்குத்தான் வெளியிட்டது. ஆயர்கள் 2,221 பேர் ஆதரவு, 88 பேர் எதிர்ப்பு. இந்து சமயத்தைப் பெயர் சொல்லியே பேசுகிறது. அவர்கள் தெய்வ மறைபொருளைத் தியானிக்கிறார்கள், தவத்தாலும் தியானத்தாலும், அன்போடு இறைவனிடம் தஞ்சம் புகுவதாலும் விடுதலை தேடுகிறார்கள் என்கிறது. இந்தச் சமயங்களில் உண்மையும் புனிதமுமாக இருப்பதைத் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்றும் சொல்கிறது. உடனே 'எல்லா மதமும் ஒன்றுதானே' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதே அறிக்கை கிறிஸ்துவே வழியும் உண்மையும் வாழ்வும் என்று அறிவிக்கும் கடமை திருச்சபைக்கு உண்டு என்று சேர்த்தே எழுதுகிறது. இரண்டும் ஒரே பத்தியில் வருகின்றன.

நம் ஊர் வழக்கத்தைப் பாருங்கள். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை நடந்து வருகிற காவி உடுத்த கூட்டத்தில் எத்தனை பேர் இந்துக்கள்! மொட்டை போடுகிறார்கள், தொட்டில் கட்டுகிறார்கள், மந்திரித்த எண்ணெயைப் பாட்டிலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். நாம் அவர்களை வாங்க வாங்க என்று கூப்பிடுகிறோம். அவர்கள் வீட்டுப் பொட்டலம் நம் வாசலுக்கு வரும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சிவ. கதிரேசன்:

நான் சைவன். கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில் படித்தவன், இந்தக் குழுவில் ரொம்ப நாளாக வாசகன். வெளி ஆள் ஒருவன் சொல்வது உதவும் என்றால் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுப் பிரசாதத்தை ஒரு கிறிஸ்தவ நண்பர் 'எனக்கு வழக்கமில்லைங்க' என்று சொல்லி மறுத்தால் எனக்கு வருத்தமே இல்லை. சைவச் சாப்பாடு சாப்பிடுகிறவன் பிரியாணியை மறுப்பதில்லையா, அப்படித்தான் எடுத்துக்கொள்வேன். ஆனால் 'இது பேய்க்குப் படைத்தது' என்றால், என் அம்மா விடிகாலையில் குளித்து ஈரத்தலையோடு செய்த கொழுக்கட்டையைப் பேய்க்கு என்று சொல்கிறார் என்றுதான் எனக்குக் கேட்கும்.

அம்மாவுக்குப் போன வருஷம் இடுப்பு எலும்பு ஆபரேஷன். வார்டில் பிரார்த்தனைக் குழு ஒன்று வந்தது. ஜெபிக்கட்டுமா என்று கேட்டிருந்தால் அம்மா சந்தோஷமாகத் தலையாட்டியிருப்பார். கேட்கவில்லை. கையில் ஒரு நோட்டீஸைத் திணித்துவிட்டுப் போனார்கள். கல்லும் மண்ணும் உன்னைக் காப்பாற்றாது என்று எழுதியிருந்தது. மறுநாள் காலை ஆபரேஷன். அம்மா அன்று இரவு தூங்கவில்லை.

அதே ஆஸ்பத்திரியில் நாகர்கோவில் பக்கத்து நர்ஸ் ஒருத்தி. கழுத்தில் சிலுவை. தினமும் ஈரத்துணியால் அம்மாவுக்கு உடம்பு துடைத்துவிடுவாள். முகத்தைத் துடைத்தால் திருநீறும் அழிந்துவிடும் அல்லவா? துண்டைப் பிழிந்து வைத்துவிட்டு, தலைமாட்டில் இருக்கும் சம்புடத்தைத் திறந்து அம்மா கையில் கொடுத்து, கை நடுங்குகிறதே என்று மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். அம்மா தானே பூசிக்கொள்வார். அவள் யேசுவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அம்மா, 'அந்தப் பிள்ளை கும்பிடுற சாமி நல்ல சாமியாத்தான் இருக்கணும்' என்றார்.

அருமனை ஷீபா:

கதிரேசன் அண்ணா எழுதியதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பாதிப்பேர் அந்த வேலையில்தான் இருக்கிறார்கள்.

என் கேள்வி வேறு மாதிரி. அம்மா கல்யாணத்துக்குப் பிறகு ஞானஸ்நானம் எடுத்தவர். அம்மாவைப் பெற்ற பாட்டி கடைசி வரை சந்தியா நேரம் விளக்கு வைத்துக் கும்பிட்டவர். பாட்டி இறந்தபோது, சபையில் ஒருவர் என் காதுபடவே 'ரட்சிப்பில்லாத மரணம்' என்றார். எங்கள் குடும்பத்தில் எங்களைப் படிக்க வைத்தது பாட்டியின் முந்திரி ஆலைக் கூலி. தோடு உடைத்து உடைத்துக் கையெல்லாம் கறுத்துப் போயிருக்கும். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அவர் நரகத்துக்குப் போய்விட்டார் என்று நான் நினைக்க வேண்டுமா? யோவான் 14:6-ஐ நம்புகிறேன். ஆனாலும் இதைச் சொல்ல என்னால் முடியவில்லை.

பூண்டி அந்தோணி:

தங்கச்சி, சொல்லவே வேண்டாம். தங்கள் குற்றமில்லாமல் கிறிஸ்துவின் நற்செய்தியை அறியாதவர்கள், உண்மை மனதோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சி காட்டும்படி அருளின் தூண்டுதலால் நடந்தால் அவர்களும் மீட்பு அடைய முடியும் என்று திருச்சபை பற்றிய 1964-ஆம் ஆண்டுக் கொள்கை விளக்கம் 16-ஆம் பத்தியில் சொல்கிறது. கிறிஸ்து இல்லாமல் மீட்பு உண்டு என்பதில்லை. கிறிஸ்து யாரை எப்படி மீட்பார் என்று நாம் எல்லை போட முடியாது என்பதுதான்.

எபினேசர் சகோ:

சிஸ்டர், நான் அந்த அளவுக்குப் போக மாட்டேன். ஆனால் உங்கள் பாட்டியின் கட்டில் பக்கத்தில் நின்று தீர்ப்புச் சொன்னவர் கர்த்தருடைய வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். 'சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ' என்று ஆபிரகாம் கேட்டதோடு நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ரோமர் 2-ல் நியாயப்பிரமாணம் இல்லாத புறஜாதியாரின் மனச்சாட்சியைப் பற்றிப் பவுல் பேசுவதையும் படியுங்கள்.

என் அப்பாவுக்காக நான் இருபது வயதிலிருந்து ஜெபிக்கிறேன். சுவிசேஷம் சொல்வதை நான் நிறுத்த முடியாததற்குக் காரணமே அன்புதான். அதைப் பெருமை, வெறுப்பு என்று மற்றவர்கள் பார்க்கிறார்களே, அதுதான் வலி. சகிப்புத்தன்மை என்றால் வாயைத் திறக்காதே என்று அர்த்தமா? அரசியல் சட்டம் 25-ஆவது பிரிவு சமயத்தைப் பரப்பவும் உரிமை கொடுத்திருக்கிறது.

நாசரேத் டேனியல்:

சரியாகக் கேட்டீர்கள். எல்லோரும் நமக்கே சகிப்புத்தன்மை வகுப்பு எடுக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் நாம் 2.3 சதவீதம், தமிழ்நாட்டில் 6 சதவீதம் சொச்சம். 1999 ஜனவரியில் ஒடிசாவில் ஆஸ்திரேலிய மிஷனரி ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு சின்னப் பையன்களையும் வண்டியோடு எரித்தார்கள். 2008-இல் அதே ஒடிசாவில் கந்தமாலில் எரிந்தது எத்தனை வீடு, எத்தனை ஆலயம்! ஜெபக்கூட்டம் நடக்கும் வீட்டுக்குள் புகுந்து அடிக்கிற செய்தி இன்றும் வருகிறது. அடி வாங்குகிறவனிடம் போய் அடிக்கிறவரை மதி என்று சொல்வது என்ன நியாயம்?

பாளை டீச்சர்:

டேனியல் தம்பி, அந்தப் பயம் நிஜம். அதை யாரும் சின்னதாக்கக் கூடாது. வன்முறை செய்தவன் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும், அதைக் கேட்பது நம் உரிமை. ஆனால் எரித்தவர்கள் வேறு, சாமுவேலின் முதலாளி வேறு, கதிரேசனின் அம்மா வேறு. ஒருவன் செய்ததற்கு அவன் மதத்தார் எல்லோரையும் பொறுப்பாக்குகிற மனசுதான் கந்தமாலிலும் தீ வைத்தது. ஸ்டெயின்ஸின் மனைவி கிளாடிஸ் கொலைகாரர்களை மன்னிக்கிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, அங்கேயே தங்கித் தொழுநோயாளிகளுக்கு வேலை பார்த்தார். ஒடிசாவில் அதைப் பார்த்த இந்துக்கள் அவரை எப்படி மதித்தார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

25-ஆவது பிரிவைப் பற்றி: அரசியல் நிர்ணய சபையில் 1948 டிசம்பரில் 'பரப்ப' என்ற சொல் வேண்டுமா என்று விவாதம் வந்தபோது அதற்கு ஆதரவாகப் பேசியவர்களில் டி.டி.கிருஷ்ணமாச்சாரியும் ஒருவர். தான் கிறிஸ்தவக் கல்வி நிலையங்களில் பல வருஷம் படித்ததாகவும், தன்னை மதம் மாற்ற யாரும் முயலவில்லை என்றும் சொன்னார். அந்த ஆசிரியர்கள் நடந்துகொண்ட விதம் அந்த மன்றத்தில் நமக்காகப் பேசியது. பிறகு 1977-இல் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை என்றால் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை இல்லை என்று தீர்ப்புக் கொடுத்தது. அந்தத் தீர்ப்பைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம். அது தனி விவாதம்.

எபினேசர் தம்பி கேட்டதுதான் எனக்கு முக்கியம். வாயைத் திறக்காதே என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் வாயைத் திறந்தால் பொய் வரக் கூடாது. 'பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக' என்பது பத்துக் கட்டளையில் ஒன்று. பிறன் என்றால் அவன் இந்துவாக இருந்தாலும் பிறன்தான். ஒரு மதத்தைப் பற்றி அந்த மதத்தாரே 'நாங்கள் இப்படி நம்பவில்லையே' என்று சொல்லும்படியான ஒன்றைப் பிரசங்க பீடத்தில் நின்று சொன்னால் அது கட்டளையை மீறுவது. கதையை அரைகுறையாகக் கேட்டுவிட்டுச் சிரிக்க வைப்பதற்காகச் சொல்வதும் அதில் சேரும்.

பவுல் எபேசுவில் இரண்டு வருஷத்துக்கு மேல் ஊழியம் செய்தார். அங்கே தியானாள் கோவில் உலகப் பிரசித்தம். கைகளினால் செய்யப்பட்டவை தெய்வங்கள் அல்ல என்று பிரசங்கித்தார். வியாபாரம் கெட்டுப்போகிறது என்று தட்டான்கள் கலகம் பண்ணினார்கள். அப்போது கூட்டத்தை அமர்த்தின ஊர்ச் சம்பிரதி, கிறிஸ்தவன் இல்லாதவன், சொன்ன சாட்சி அப்போஸ்தலர் 19:37-ல் இருக்கிறது: 'இவர்கள் கோவில் கொள்ளைக்காரருமல்ல, உங்கள் தேவியைத் தூஷிக்கிறவர்களுமல்ல.' பிரசங்கம் ஊரையே கலக்கியிருக்கிறது, ஆனாலும் தூஷணம் என்ற குற்றச்சாட்டு நிற்கவில்லை. நம்மைப் பற்றி நம் ஊர் தாசில்தார் அப்படிச் சொல்வாரா?

செங்கை குமார்:

டீச்சர் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. எங்கள் தாத்தா ஞானஸ்நானம் எடுத்த காலத்தில் ஊர்த் தெருவில் எங்கள் ஆட்கள் செருப்புப் போட்டு நடக்க முடியாது. அம்மன் தேர் காலனிப் பக்கம் திரும்பாது. கோவிலுக்குள் விடாத சாமியை மதிக்கவில்லை என்று எங்களிடம் யாரும் குறை சொல்ல முடியாது. தீண்டாமையைக் கண்டிப்பதற்கும் இன்னொரு மதத்தை அவமதிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. மரியாதை என்ற பெயரில் முதலாவதை மூடி மறைக்கக் கூடாது.

அதே வாயால் இதையும் சொல்ல வேண்டும். ஞானஸ்நானம் எடுத்த பிறகு எங்கள் கல்லறைக்கு மட்டும் தனிச் சுவர் எழுப்பியவர்கள் கிறிஸ்தவர்கள்தான். வடக்கன்குளத்தில் ஆலயத்துக்குள்ளேயே சாதிக்கு ஒரு பக்கம் என்று சுவர் வைத்திருந்தது சரித்திரம். 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி கிறிஸ்தவத் தலித்துக்குப் பட்டியல் சாதிச் சலுகை இன்றும் கிடையாது. சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் கொடுத்தார்கள். அதை எதிர்க்கும் வழக்கில் எங்களோடு நிற்கும் இந்து வழக்கறிஞர்கள் உண்டு. சபையில் பக்கத்தில் உட்காரத் தயங்குகிற கிறிஸ்தவர்களும் உண்டு. பிற மதத்தாரை மதிப்பது பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசாதீர்கள்.

பாளை டீச்சர்:

குமார், நன்றி. இதை நான் எழுதியிருக்க வேண்டியதில்லை, நீங்கள் எழுதியதுதான் சரி. தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க்கை இங்கே நினைத்துக்கொள்கிறேன். வந்த புதிதில் ஒரு கிராமக் கோவிலில் மண் சிலைகளின் தலையை உடைத்ததை அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அப்புறம் அவர் படிக்க உட்கார்ந்தார். திண்ணைப் பள்ளிக்கூட ஆசிரியரை வீட்டுக்கே வரவழைத்து, குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதினார். ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். கொன்றை வேந்தன், நீதி வெண்பா, உலக நீதி மூன்றையும் 1708-இல் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். 1712-இலிருந்து தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, அவர்கள் கைப்பட எழுதிய பதில்களை ஐரோப்பாவுக்கு அனுப்பிவைத்தார். வெள்ளைக்காரக் கிறிஸ்தவர்களின் குடியையும் சுத்தக் குறைவையும் கண்டித்து எழுதிய பதில்களும் அதில் உண்டு. அதையும் மறைக்காமல் அனுப்பினார்.

நம் ஊர் இந்துத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் அவர் எழுதிய பெரிய கையெழுத்துப் பிரதியை ஜெர்மனியில் ஹாலே நகரில் இருந்த மிஷன் தலைவர்கள் அச்சிடவே இல்லை. அஞ்ஞானத்தை அழிக்கப் போனவர் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்று நினைத்தார்கள். 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. அவர் மிஷனரியாகவே வாழ்ந்து மிஷனரியாகவே 1719-இல் இறந்தார், விசுவாசத்தில் ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் எதிர்த்துப் பேசுவதற்கு முன்னால் கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்த உழைப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாமல் பேசுகிறவர்களைத்தான் நான் கண்டிக்கிறேன்.

பெந்தெகொஸ்தே, இவாஞ்சலிக்கல் சகோதரர்களுக்காக இன்னொன்று. 2010-இல் கேப் டவுனில் கூடிய லோசான் மாநாட்டு அறிக்கை, பிற மதங்களைப் பற்றிப் பொய்யையும் கேலிச்சித்திரத்தையும் பரப்ப மாட்டோம் என்று உறுதி சொல்கிறது. 2011-இல் உலகத் திருச்சபைகள் மன்றம், வத்திக்கான், உலக இவாஞ்சலிக்கல் கூட்டணி மூன்றும் சேர்ந்து வெளியிட்ட ஆவணமும் அதையேதான் கேட்கிறது. மற்றவர்களின் நம்பிக்கையைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள், விமரிசித்தாலும் பொய்ச்சாட்சி சொல்லாதீர்கள் என்கிறது. இந்த மூன்று தரப்பும் ஒரே தாளில் சேர்வது லேசுப்பட்ட காரியம் இல்லை.

நிர்வாகி:

இழை நன்றாகப் போகிறது. வேறொரு சபையின் பெயரைச் சொல்லித் தாக்கிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

பீளமேடு சாமுவேல்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று பூஜை முடிந்தது. லீவு போடவில்லை. முந்தின நாளே முதலாளியைத் தனியாகப் பார்த்து, 'அண்ணா, பூஜையில் நான் நிற்க மாட்டேன், அது என் விசுவாசம். வேலை எல்லாம் செய்கிறேன்' என்றேன். 'அது எனக்குத் தெரியாதா சாமுவேலு, இத்தனை வருஷமா நீ வாசல்லதானே நிக்கிற' என்றார். வீட்டில் மனைவிக்கு மனச்சாட்சி உறுத்துகிறது, அதனால் பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்பதையும் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். மறுநாள் பூஜையில் வைக்காத லட்டு டப்பா ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருந்தார், எனக்கும் பாய்க்கும். நான் கேட்கவில்லை. பாஸ்டரிடம் இதை அப்படியே போய்ச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஜெபிக்கலாம் என்றார்.

அருமனை ஷீபா:

அண்ணா, அந்த முதலாளி செய்ததைத்தான் பவுல் நம்மிடம் கேட்டார், மற்றவர் மனச்சாட்சிக்காக யோசி என்று. அதை ஒரு இந்து நமக்குச் செய்துகாட்டிவிட்டார்.

எபினேசர் சகோ:

சாமுவேல் பிரதர், சந்தோஷம். பொரி விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. நான் வாங்க மாட்டேன், என் பிள்ளைகளும் வாங்க மாட்டார்கள். கதிரேசன் சார் சொன்ன நர்ஸ் செய்ததை நான் செய்வேனா என்று இரண்டு நாளாக யோசித்தேன். சம்புடத்தை எடுத்துக் கொடுப்பேன். ஒரு நோயாளி கேட்கும் பொருளை எடுத்துக் கொடுப்பது வழிபாடு ஆகாது.

எங்கள் சபையில் கைப்பிரதி அச்சடிக்கும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. இப்போது இருக்கும் பிரதியில் இந்து வழிபாட்டைப் பற்றி ஒரு பத்தி வருகிறது. யாரோ எங்கேயோ எழுதியதை எடுத்துப் போட்டது. அது உண்மையா என்று எங்களில் ஒருவரும் சரிபார்க்கவில்லை. அடுத்த அச்சுக்கு முன்னால் அந்தப் பத்தியை எடுக்க மூப்பர்களிடம் பேசப்போகிறேன். ஆஸ்பத்திரி வார்டில் கேட்காமல் கொடுக்கக் கூடாது என்றும் எழுதி வைக்கப் போகிறேன். கதிரேசன் சார், புதுப் பிரதியை உங்களுக்கு அனுப்பினால், உங்கள் மதத்தைப் பற்றித் தப்பாக ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா?

சிவ. கதிரேசன்:

அனுப்புங்கள் சார், பார்க்கிறேன். உங்கள் அப்பாவைப் பற்றியும் நீங்கள் யேசுவிடம் வந்ததைப் பற்றியும் எழுதினால் அந்தப் பகுதியில் நான் கை வைக்க மாட்டேன். அது உங்கள் வாழ்க்கை. முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.